அம்மாவுக்கு விளங்காத உத்தியோகம்

பதவி உயர்வு வந்த அன்றைக்கே லண்டனிலிருந்து கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். "பென்ஷன் பணத்தைப் பார்த்துக்கற டிரஸ்டிகளுக்கு உதவி பண்ற அமைப்பும்மா எங்களது. இனிமேல் பயிற்சிப் பிரிவு மொத்தமும் என் பொறுப்பு" என்றேன். அம்மாவுக்குத் தெரிந்த டிரஸ்டி ஒரே ஒருத்தர், எங்கள் தெரு மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. "அவங்களுக்கு நீ என்ன கண்ணு சொல்லிக் குடுக்கறது? அங்கயும் உண்டியல்ல கை வெக்கறாங்களா?" என்றாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் அவள் கேட்டதில் பாதி சரிதான். 1991 நவம்பரில் ராபர்ட் மாக்ஸ்வெல் என்ற பத்திரிகை முதலாளி தன் உல்லாசப் படகிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். அதற்குப் பிறகுதான், அவருடைய மிரர் பத்திரிகைக் குழுமத் தொழிலாளர்களின் பென்ஷன் நிதியிலிருந்து 400 மில்லியன் பவுண்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது வெளியே வந்தது. 1995-ல் பிரிட்டனில் இதற்காகச் சட்டம் வந்தது. கம்பெனி பென்ஷன் திட்டங்களில் டிரஸ்டிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பேர் திட்டத்தின் உறுப்பினர்களே நியமித்தவர்களாக இருக்க வேண்டும் என்பது அப்போது வந்த விதி. அந்த மூன்றில் ஒரு பங்கு ஆட்களோடுதான் என் பிழைப்பு.

நான் லண்டன் வந்தது 2016 ஜனவரியில், கணவரின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு. ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. மின்சாரத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டும் மீட்டர். பிளாஸ்டிக் சாவி ஒன்றைக் கீழே கடைக்கு எடுத்துப்போய் பத்து பவுண்ட் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். முதல் வாரம் ஞாயிறு ராத்திரி, குக்கர் இரண்டாவது விசிலுக்கு முக்கிக்கொண்டிருந்தபோது மொத்த வீடும் இருண்டுபோனது. குளிரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன்.

வேலை தேடுவதில்தான் தடுமாறினேன். கோவையில் ஒரு பி.எஃப். கன்சல்டன்ட் ஆபீஸில் 11 வருஷம். ஃபார்ம் 19, ஃபார்ம் 10சி, ஃபார்ம் 31 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இங்கே நேர்முகத்தில் அதைச் சொன்னால், எதிரில் இருப்பவர் நான் ஏதோ திருவிழாவைப் பற்றிப் பேசுவதுபோல் மரியாதையாகத் தலையாட்டுவார். கடைசியில் பென்ஷன் நிர்வாகம் செய்யும் ஒரு கம்பெனியில், கடிதங்களுக்குப் பதில் போடும் வேலை கிடைத்தது.

அந்த வேலைக்கு நான் ஏன் அப்படி ஆசைப்பட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்பா ஒரு பஞ்சாலையில் ரிங் ஃபிரேம் ஓட்டியவர். மில் மூடினபோதுதான் தெரிந்தது, கடைசி 26 மாதம் சம்பளத்தில் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள், பி.எஃப். ஆபீஸில் கட்டவில்லை. தொழிலாளியிடம் பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொள்ளும் முதலாளி நம்பிக்கை மோசடி செய்தவர் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405-ஆவது பிரிவு விளக்கிச் சொல்லியிருந்தது. சட்டம் சொன்னதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா மஞ்சள் பையோடு ஆபீஸ் ஆபீஸாக நடந்தார். அங்கேயும் டிரஸ்டிகள் உண்டு. பி.எஃப்.புக்கு மத்திய அறங்காவலர் குழு என்று ஒன்று டெல்லியில் இருக்கிறது, மத்தியத் தொழிலாளர் அமைச்சர்தான் தலைவர், தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அப்பா கண்ணால் பார்த்ததில்லை. அந்த 26 மாதப் பணமும் கடைசிவரை வரவில்லை.

இங்கே வந்து பார்த்தால், பக்கத்து மெஷினில் நிற்கிறவன் டிரஸ்டி. எனக்கு அது நம்பவே முடியாத விஷயமாக இருந்தது.

நம் ஆட்கள் விஷயம் வேறு. 2016-ல் என் முதல் சம்பளச் சீட்டிலேயே பென்ஷனுக்கு 1 சதவீதம் பிடித்திருந்தார்கள். இங்கே 2012-லிருந்து படிப்படியாக வந்த ஏற்பாடு இது: 22 வயதாகி, வருஷம் 10,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால் முதலாளி தானாகவே சேர்த்துவிட வேண்டும். வேண்டாம் என்றால் ஒரு மாதத்துக்குள் விலகலாம். கோயில் சாப்பாட்டு வரிசையில் பார்க்கிற பாதிப் பேர் விலகியிருந்தார்கள். "நாம என்ன இங்கயேவா இருக்கப் போறோம்?" என்பதுதான் எல்லோர் வாயிலும். 2019 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சம் 8 சதவீதம், அதில் 3 முதலாளியுடையது. விலகினால் அந்த 3-ம் போச்சு. அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தர்கூட இன்னும் ஊருக்குப் போகவில்லை.

போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசாங்க பென்ஷன் கையில் வர குறைந்தது 10 வருஷ தேசியக் காப்பீட்டுக் கணக்கு வேண்டும், முழுசாக வர 35. வாங்கிக்கொண்டு இந்தியாவில் போய்க் குடியேறினால், அந்தத் தொகை அப்படியே உறைந்து நின்றுவிடும், வருஷா வருஷம் ஏறாது. அமெரிக்காவில் இருக்கிறவனுக்கு ஏறும், பிலிப்பைன்ஸில் இருக்கிறவனுக்கு ஏறும், கோயம்புத்தூரில் ஏறாது. இது என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இப்போதைய அமைப்பில் 2019-ல் சேர்ந்தேன். லாப நோக்கமில்லாதது, ஆல்ட்கேட் ஈஸ்ட் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம், ஆட்கள் மொத்தமே ஒன்பது பேர். எங்கள் நிர்வாகக் குழுத் தலைவர் எழுபது தாண்டிய பழைய தொழிற்சங்கக்காரர். முதல் கூட்டத்தில் அவரை "சார்" என்று கூப்பிட்டுவிட்டேன். "ராணியம்மா எனக்கு இன்னும் 'சர்' பட்டம் தரலையே, உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஆறு மாதம் ஆனது. அதுவரை அவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறவரை காத்திருந்து பேசினேன். 2021-ல் பயிற்சிப் பிரிவின் தலைமை வந்தபோது, எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

வேலை என்ன? ஒரு டிரஸ்டிக்குச் சட்டம் விதிக்கிற பாடம் நிறைய. திட்டத்தின் ஆவணமும் விதிகளும், முதலீடு, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆக்சுவரி (பின்னால் தர வேண்டிய பென்ஷனுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்) போடுகிற மதிப்பீடு, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பென்ஷன் ஒழுங்குமுறை ஆணையமே இலவசமாக இணையவழிப் பாடம் வைத்திருக்கிறது. ஆனால் திரையில் டிக் அடித்து முடிப்பது வேறு, வக்கீலும் ஆக்சுவரியும் முதலீட்டு ஆலோசகரும் உட்கார்ந்திருக்கும் மேஜையில் "எனக்குப் புரியலை" என்று சொல்வது வேறு. இரண்டாவதைத்தான் நாங்கள் பழக்குகிறோம்.

ஒருத்தரைச் சொல்கிறேன். ரொட்டி ஆலையில் ராத்திரி ஷிஃப்ட், அடுப்புப் பக்கம் வேலை. முன்கையில் தட்டு சுட்ட தழும்புகள். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடித்து, பத்து மணி பயிற்சிக்கு நேராக வந்துவிட்டார். கையில் 180 பக்கக் கூட்டக் கோப்பு. பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் ஒட்டுத்தாள். கேள்விகள் எல்லாம் பென்சிலில், அதுவும் பொடி எழுத்தில், யாரும் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிடக்கூடாது என்பதுபோல. "இதையெல்லாம் கூட்டத்தில் கேட்டீர்களா?" என்றேன். ஒன்றுகூடக் கேட்கவில்லையாம். தூக்கமில்லாமல் வந்தது ஏன் என்றால், லீவு கேட்க மேலாளரிடம் கூச்சம். டிரஸ்டி வேலைக்கும் அதற்கான பயிற்சிக்கும் சம்பளத்தோடு நியாயமான நேரம் விடுப்பு தர வேண்டும் என்று 1996-ஆம் வருஷத்து வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பிரிவு எண்ணை ஒரு ஒட்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். என் ஒட்டுத்தாள் பச்சை.

2022 செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை, அரசு மினி பட்ஜெட் போட்டது. அடுத்த புதன்கிழமைக்குள் எங்கள் ஆபீஸ் போன் ஓயவில்லை. நிறையப் பென்ஷன் திட்டங்கள் அரசுக் கடன்பத்திரங்களை வைத்துக் கடன் வாங்கி, மேலும் பத்திரம் வாங்கியிருந்தன. பட்ஜெட்டைப் பார்த்துச் சந்தை மிரண்டதில் பத்திர விலை சரிந்தது. நகை அடகு வைத்தவர்களுக்கு இது உடனே புரியும்: பவுன் விலை விழுந்தால் கடைக்காரர் கூப்பிட்டு, இன்னும் ஒரு வளையல் கொண்டு வா, இல்லை பணம் கட்டு என்பார். இங்கே எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். பணத்துக்காக எல்லோரும் பத்திரத்தையே விற்க, விலை இன்னும் சரிந்தது. 28-ஆம் தேதி பேங்க் ஆஃப் இங்கிலாந்து தானே வாங்க இறங்கியது. அக்டோபர் 14 வரை வாங்கியது மொத்தம் 19.3 பில்லியன் பவுண்ட்.

அன்றைக்குக் கூப்பிட்ட டிரஸ்டிகளில் பலர் ஆலோசகர்களின் ஈமெயிலைப் படித்துக்காட்டி அர்த்தம் கேட்டார்கள். ரொட்டி ஆலைக்காரர் மத்தியானம் கூப்பிட்டார், தூங்கி எழுந்த குரல். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஒன்றாம் தேதி சனிக்கிழமை வருது. வெள்ளிக்கிழமையே பென்ஷன் போட்டாகணும். போடுவாங்களா?"

எனக்குத் தொண்டை அடைத்தது. கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. பிறகு, அந்த மாதப் பட்டுவாடாவுக்கான பணம் டிரஸ்டி வங்கிக் கணக்கில் ஏற்கெனவே ஒதுக்கியிருக்கிறார்களா என்று நிர்வாகியிடம் கேட்கச் சொன்னேன். அந்தக் கணக்கின் இருப்பை எழுத்தில் வாங்கச் சொன்னேன். மூன்று மணிக்கு மறுபடி கூப்பிட்டார். இருக்கிறதாம். "நானே கேட்டேன், கூட்டத்தில், எல்லோர் முன்னாடியும்" என்றார். வெள்ளிக்கிழமை போட்டுவிட்டார்கள்.

அந்த ரொட்டி ஆலையின் திட்டம் இப்போது இல்லை. வட்டி ஏறியதில், பின்னால் தர வேண்டிய பென்ஷனுக்கு இன்றைக்கு வைத்திருக்க வேண்டிய தொகை குறைந்தது; திட்டத்தின் பற்றாக்குறை தீர்ந்து, மொத்தப் பொறுப்பையும் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வுபெற்றவர்களுக்கு அங்கிருந்து பென்ஷன் போகிறது. டிரஸ்டிகளுக்கு வேலையில்லை. நாடு முழுக்க இப்போது இதுதான் நடக்கிறது, இப்படிப் போனால் எங்கள் ஒன்பது பேருக்கும் வேலை எத்தனை வருஷம் என்று நான் சில ராத்திரிகளில் கணக்குப் போடுகிறேன்.

கடைசிக் கூட்டம் முடிந்து அவர் தன் கோப்பை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் வைக்க இடமில்லையாம். ஒட்டுத்தாள்கள் பாதி பசை போய் உதிர்ந்துவிட்டன. 114-ஆம் பக்கத்தில் இருக்கிறது இன்னும் உதிரவில்லை. ஆலோசகர் கட்டணம் என்ற வரிக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில்: "இதை யார் கொடுக்கிறார்கள், நாங்களா?"