தட்டுப்போருக்குள் மூன்று குஞ்சுகள்

ஜனவரி 19

மாட்டுக்குத் தட்டு (தீவனத்துக்குக் காயவைத்த பயிர்த்தண்டு) எடுக்கப் போரைப் பிரித்தேன். மூன்றாவது கட்டை இழுத்ததும் ஒரு சுண்டெலி துள்ளிக் குதித்து ஓடியது. அது இருந்த இடத்தில் சாக்கு நூலும் காய்ந்த சோகையும் சேர்த்துச் சுருட்டிய ஒரு உருண்டை. உள்ளே மூன்று குஞ்சுகள். மெல்லிய பழுப்பு ரோமம் முளைத்திருந்தது, கண் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் என் கட்டைவிரலின் மேற்கணு அளவுதான்.

மகள் பின்னாலேயே நின்றிருந்தாள். "பூனை தூக்கீருமுங்கப்பா" என்றாள்.

கூட்டைத் தட்டோடு அள்ளி நிழல் பக்கம் வைத்துவிட்டு விலகிக்கொண்டோம். மனுசக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள். சுண்டெலி அப்படியில்லை. பயம் தெளிந்ததும் திரும்பி வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம் மாறிவிடும். அதற்கு நேரம் கொடுப்பதுதான் முதல் உதவி. ஆனால் இருட்டும்வரை வரவில்லை. மதியமே கட்டுத்தறிப் பக்கம் பூனை ஒரு எலியைக் கவ்விக்கொண்டு போனதை ஆத்தா பார்த்திருக்கிறார்.

மூன்றும் சில்லிட்டுப் போயிருந்தன. ஒரு பெட்டியில் பழைய பனியன் துணியைப் போட்டு, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரமாக வைத்தேன். வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. தங்கச்சி ஏழாம் மாசம், வளைகாப்பு முடிந்து இங்கேதான் இருக்கிறாள். ஏனோ மனசு ஒப்பவில்லை. தோட்டத்துக் குடிசையான சாளையில் வைத்துவிட்டு நானும் அங்கேயே கட்டிலைப் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 20

காங்கயம் போனபோது கால்நடை மருத்துவரம்மாவைப் பார்த்துக் கேட்டேன். சிரிப்பாரோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முதல் கேள்வியே, "வீட்ல ஆராச்சும் மாசமா இருக்கறாங்களா? கைக்கொழந்தை இருக்குதுங்களா?" என்பதுதான்.

தங்கச்சியைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. சுண்டெலியில் எல்.சி.எம்.வி. என்று ஒரு வைரஸ் உண்டாம். எலியின் மூத்திரம், எச்சில், புழுக்கை, அது படுத்த துணியின் தூசி, எல்லாவற்றிலும் இருக்கலாம். எலி நோஞ்சானாகத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. நல்ல திடமான ஆளுக்கு வந்தால் காய்ச்சல், தலைவலியோடு பெரும்பாலும் போய்விடும். மாசமாக இருப்பவருக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளையையும் கண்ணையும் கெடுத்துவிடலாம், கரு கலைவதும் உண்டு. "தங்கச்சிய அந்தச் சாளைப் பக்கமே விடாதீங்க. நீங்களும் அந்தத் துணியோட ஊட்டுக்குள்ள போகாதீங்க" என்றார்.

அடுத்தது எலிக் காய்ச்சல். இது நமக்குத் தெரிந்த வியாதிதான், வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர்களுக்கு வருவது. எலி மூத்திரத்தில் இருக்கும் கிருமி, தோலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். என் இடது கையில் கருக்கறுவாள் கீறிய காயம் ஆறவில்லை. அதைப் பார்த்துவிட்டு, கையுறை இல்லாமல் தொடவே கூடாது என்று கண்டித்தார். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எலிக்கடியால் வரும் காய்ச்சல் தனி, அதற்கும் மருந்து உண்டு. வெறிநோய்க்கு மட்டும் சுண்டெலியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றார். இன்னும் ஒரு மாசத்துக்குள் எனக்குக் காய்ச்சல் வந்தால், எலியைக் கையாண்டதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் பால். பசும்பால் கொடுத்தால் கழிச்சல் கண்டே செத்துவிடும். பூனைக்குட்டிக்கு விற்கும் பால்பவுடர் நல்லது. திருப்பூரில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் கிடைத்தது.

ஜனவரி 21

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால், ராத்திரியிலும். கையுறை, முகத்துக்குத் துண்டு, தனிச் சட்டை. முதலில் சூடு, அப்புறம்தான் பால். குளிர்ந்து கிடக்கும் குஞ்சுக்குச் செரிக்காது. மகளின் புது ஓவியத் தூரிகையை வெதுவெதுப்பான பாலில் நனைத்து வாயோரம் வைத்தால், முன்னங்கால் இரண்டாலும் முடியைப் பிடித்து இழுத்துச் சப்புகிறது. குடித்த பிறகு அடிவயிற்றின் இடப்பக்கம் தோல் வழியாகப் பால் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த வெள்ளை தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி.

ஈரத் துணியால் அடிவயிற்றை மெதுவாகத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடுவதுபோல. இல்லையென்றால் அவற்றால் மூத்திரம் போக முடியாது. நோய் பற்றிக்கொள்ள அதிக வாய்ப்பு இந்த வேலையில்தான். அந்தத் துணியை எல்லாம் தனியாகப் போட்டு எரிக்கிறேன். சாளையைக் கூட்டுவதில்லை, தூசி பறக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டுத் துடைக்கிறேன்.

மகள் தொடக்கூடாது என்று பேச்சு. வாசலில் உட்கார்ந்து நோட்டில் மணி குறிக்கிறாள். அவளுக்குக் கோபம்தான், ஆனால் ஒரு மணியும் தவறவில்லை.

ஜனவரி 22

ஆத்தா வாசலோடு நின்றுகொண்டார். "நம்மூட்டு வெதைக் கம்பத் தின்னு வளந்த சாதி, அதுக்குப் போயி ராத்திரி முழிக்கறயே சாமி." அப்புறம் பிளேக் கதையைச் சொன்னார். அவருடைய அம்மா சொன்னது. எலி செத்து விழ ஆரம்பித்தால் ஊரைக் காலி செய்துவிட்டுக் காட்டில் சாளை போட்டுக் கிடப்பார்களாம். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. எலியைக் கண்டு அருவருப்பதாக நாம் நினைப்பது பாதி இந்தப் பயம்தான், அதில் காரணம் இருக்கிறது. நான் ஆத்தாவோடு வாதாடவில்லை.

ஆனால் இரக்கமும் பயமும் ஒரே சாளையில் இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். தங்கச்சி இருக்கும் வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும் என்றிருந்தால் அன்றைக்கே வேண்டாமென்று விட்டிருப்பேன். அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. தனி இடமும் திடமான உடம்பும் இருந்ததால்தான் இறங்கினேன்.

ஜனவரி 23

ஒன்று போய்விட்டது. விடியக்காலம் மூன்று மணி, தூக்கக் கலக்கம். தூரிகையில் பால் அதிகம். மல்லாக்கப் பிடித்திருந்தேன் போல. மூக்கில் குமிழி வந்தது. துடைத்துத் தலையைக் கீழாகச் சாய்த்தேன். கிளிக் கிளிக் என்று ஒரு சத்தம் மூச்சில். பால் நெஞ்சுக்குள் போய்விட்டது. ஏழு மணிக்கு அடங்கிவிட்டது.

குஞ்சைக் குப்புறத்தான் பிடிக்க வேண்டும். மருத்துவரம்மா சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். மகளிடம் நானே சொன்னேன். நோட்டில் அந்த மணிக்கு நேராக ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறாள்.

ஜனவரி 25

இரண்டுக்கும் கண் திறந்துவிட்டது. பிறந்து பதினான்கு நாள் வாக்கில் திறக்கும் என்பார்கள், அப்படிப் பார்த்தால் கிடைத்தபோது எட்டு நாள் இருக்கும். ரோமமே இல்லாத செக்கச்செவேல் குஞ்சாக இருந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கண் கருமிளகு மாதிரி. பெட்டி ஓரத்தில் நின்று என்னைப் பார்க்கின்றன.

பிப்ரவரி 2

பால் நிறுத்தம். ஊறவைத்த கம்பு, கொஞ்சம் வெள்ளரிக்காய். கையுறையைக் கண்டால் ஓடி ஒளிகின்றன. மகளுக்கு வருத்தம். "நம்மளக் கண்டா ஓடறது அதுக்கு நல்லதுதான் கண்ணு" என்றேன். வளர்க்கலாமா என்று கேட்டாள். காட்டு உயிர், அடைத்தால் பயத்திலேயே இருக்கும், கடிக்கவும் செய்யும். முடியாது என்றேன்.

பிப்ரவரி 9

சாயங்காலம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்குக் கொண்டுபோனோம். கிளுவை வேலி ஓரம், வெள்வேல மரத்தடியில் பழைய தட்டு கொஞ்சம் கிடக்கிறது. பெட்டியைச் சாய்த்துவிட்டு மகளை இருபது அடி தள்ளி நிறுத்தினேன். ஒன்று உடனே ஓடிவிட்டது. இன்னொன்று விளிம்பில் உட்கார்ந்து மூக்கை ஆட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கொழுக்கட்டைப்புல்லுக்குள் புகுந்துவிட்டது. ஒரு கொட்டாங்குச்சியில் கம்பு வைத்துவிட்டு வந்தோம்.

பெட்டியும் துணியும் எரித்தாயிற்று. சாளையைக் கடைசியாக ஒரு தடவை பிளீச்சிங் தண்ணீரில் துடைத்தேன். குளித்துவிட்டு வந்து திண்ணையில் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன், இருபது நாளைக்கு அப்புறம்.

பிப்ரவரி 10

காலையில் போய்ப் பார்த்தோம். கொட்டாங்குச்சியில் உமி மட்டும் இருந்தது.