ரன் என்றால் ஓடு மட்டுந்தானா?

நேற்றுப் பின்னேரம் கல்லடி வீட்டுக்கு அக்காவின் மகள் ஆங்கிலக் கொப்பியோடு வந்தாள். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை.

"மாமா, ரன் என்றால் ஓடுதானே? பிறகு ஏன் கடையையும் ரன் பண்ணுறாங்க?"

நல்ல கேள்வி! ஒக்ஸ்போர்ட் பேரகராதி அந்த ஒரு வினைச்சொல்லுக்கே 645 பொருள் சொல்கிறது. 1989 பதிப்பில் 'செட்' தான் முன்னால் நின்றது.

ஆனால் பயப்பட வேண்டாம், பாதி வேலையை நம் 'ஓடு' ஏற்கெனவே செய்கிறது. தண்ணீர் ஓடும், மூக்கு ஓடும், படம் ஓடும், வியாபாரம் ஓடும். பஸ்ஸைக்கூட இலங்கையில் நாங்கள் 'ஓடுகிறோம்'; தமிழ்நாட்டில் 'ஓட்டுவார்கள்'. (நண்டின் ஓடும் கூரை ஓடும் வேறு கதை.)

ஒட்டாத இடங்களைத்தான் கவனிக்க வேண்டும். தேர்தலில் ரன் என்றால் போட்டியிடுவது. கடையை ரன் பண்ணுவது நடத்துவது. சீனி 'ரன் அவுட்' என்றால் முடிந்துவிட்டது. அதே சொல் கிரிக்கெட்டில் ஒருவரை வெளியே அனுப்பிவிடும்.

பொருளை மட்டும் பாடமாக்கினால் மனதில் நிற்காது, வசனமாக எழுது என்றேன். இருட்டுவதற்குள் பதினான்கு வசனம் எழுதிவிட்டாள். சரி, நாளைக்கு 'செட்'.