ஏரியின் எல்லையும் எழுத்துருவும்

நேற்று நள்ளிரவு வரை எழுத்துருவோடு மல்லுக்கட்டினேன். எங்கள் ஊர் ஏரியின் எல்லை அளவுகளைக் கேட்டு, பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுத்திருந்தோம். வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பதில். கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடக்கின்றன. ஏதோ பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிய உதவும் குறியீட்டு முறையான யூனிகோடைத் தரமாகத் தமிழக அரசு ஏற்றது 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. இத்தனை ஆண்டுகள் போதாதா?

பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் இட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். சர்வே எண்கள் மட்டும் சேதமில்லாமல் தப்பின. 'வாய்க்கால்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தச் சொல் கோப்பில் இருந்தும்!

எனக்குக் கணினி பழக்கம், ஓர் இரவு போனது. எங்களோடு கையெழுத்திட்ட விவசாயிகள் இதை எங்கே கொண்டுபோய்ப் படிப்பார்கள்? இதை நினைத்தால்தான் கோபம் அடங்க மறுக்கிறது. ஆவணங்களைக் கேட்காமலேயே மக்கள் முன் வைக்கச் சொல்கிறது அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு.

முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. இன்றிரவே எழுதத் தொடங்குகிறேன். பழைய எழுத்துருக்களை நன்கு மாற்றித் தரத் தெரிந்த நண்பர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.