கடல்மேடைக் கிரேன் வேலைக்காக அலைந்த 11 மாதங்கள்

முதல் சுற்றுப் பணியை முடித்துக்கொண்டு புதுக்குடியிருப்புக்குத் திரும்பி இரண்டு கிழமை ஆகிறது. அதற்குள் விசுவமடு, தருமபுரம், மாங்குளம் பக்கங்களிலிருந்து ஆறேழு இளைஞர்கள் வீடு தேடி வந்து, வளைகுடாக் கடலில் உள்ள எண்ணெய் மேடைகளில் கிரேன் இயக்கும் வேலைக்கு எப்படிப் போவது என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை முழுமையாக எழுதிவைக்க விரும்புகிறேன். எனக்குச் செலவான 11 மாதங்களில் ஏழு மாதங்களை, இரண்டே இரண்டு விடயங்களை யாராவது முன்பே சொல்லியிருந்தால் மிச்சப்படுத்தியிருப்பேன். அந்த ஏழு மாதங்களுக்குள் அம்மாவின் சங்கிலி இரண்டு தடவை அடகுக்குப் போய் வந்தது.

கடவுச்சீட்டும் பொலிஸ் நற்சான்றிதழும் தடங்கலின்றிக் கிடைத்தன. 2009 இல் இடம்பெயர்ந்தபோது தொலைந்துபோன பிறப்புச் சான்றிதழின் பிரதியை நான் முன்னரே எடுத்து வைத்திருந்தேன். இன்னும் எடுக்காதவர்கள் வேறு எதையும் தொடங்குமுன் அதை முடித்துவிடுங்கள். என் அலைச்சல் கிரேன் சான்றிதழில்தான் ஆரம்பமானது.

மன்னார்த் தீவில் தம்பபவனித் திட்டத்தின் 30 காற்றாலைகளும் எழுப்பப்பட்ட காலத்தில் நான் அங்கே றிக்கராக, அதாவது தூக்க வேண்டிய பாரங்களைக் கிரேனில் கட்டி மாட்டுபவராக வேலை செய்தேன். 2020 டிசெம்பரில் அது திறந்துவைக்கப்பட்ட பிறகு, தரையில் ஓடும் மொபைல் கிரேனுக்குப் பயின்று, சான்றிதழும் பெற்று, சில ஆண்டுகள் அதை இயக்கினேன். அந்தச் சான்றிதழைப் பார்த்த வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர், “தம்பி, கிரேன் எண்டால் கிரேன்தானே. இது காணும், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ” என்றார். வயதில் மூத்தவர், அண்ணை என்று கூப்பிட்டுப் பழகியவர் என்பதால் நம்பி, முதல் தவணையாக 2,40,000 ரூபாயைக் கட்டினேன். மூன்று மாதம் கழித்து நிறுவனத்திடமிருந்து வந்த பதில் ஒரே வரிதான்: தரைக் கிரேன் சான்றிதழ் ஏற்றுக்கொள்ளப்படாது, கடல்மேடையில் பொருத்தப்பட்ட பெடஸ்டல் கிரேனை இயக்குவதற்கு ஏ.பி.ஐ. ஆர்.பி. 2டி என்னும் (அமெரிக்க பெற்றோலிய நிறுவகத்தின் கடல்மேடைக் கிரேன்களுக்கான) விதிமுறையின்படி பெற்ற தகுதிச் சான்றிதழ் வேண்டும். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பாதிதான் வந்தது.

அப்போது எனக்கு ஆத்திரமாக இருந்தது. இன்று அந்தக் கிரேனின் ஆசனத்தில் உட்கார்ந்து பார்த்தபின், நிறுவனம் செய்ததே சரி என்று முழு மனதோடு சொல்கிறேன். தரையில் நாம் தூக்கும் பாரம் நாம் தூக்கும்வரை அசையாமல் இருக்கும். கடலில், சரக்குப் படகின் தளத்தில் இருக்கும் கொள்கலன் படகோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். படகு கீழே போகும் கணத்தில் சிலிங் (பாரத்தைக் கொக்கியில் மாட்டும் வடம்) இறுகினால், ஐந்து தொன் பாரம் கிரேனுக்கு ஐந்து தொன்னாகத் தெரியாது; அதைவிட மிக அதிகமான இழுவை ஒரே வெட்டாக வந்து விழும். அதனால்தான் அங்கே மேடைக்குள்ளேயே தூக்குவதற்கு ஒரு பார அட்டவணையும், படகிலிருந்து தூக்குவதற்கு அலை உயரத்துக்கு ஏற்றபடி வேறு அட்டவணைகளும் இருக்கின்றன. அலை உயர உயர, அதே தூரத்தில் தூக்க அனுமதிக்கப்படும் எடை குறைந்துகொண்டே போகும். அந்த அலை உயரம் கண்ணால் மதிப்பிட்ட ஏதோ ஓர் அலையின் உயரம் அல்ல. வரும் அலைகளில் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி.

இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்துவிட்டுப் போயும் முதல் மதிப்பீட்டில் நான் தோற்றேன். மதிப்பீடு இந்தியாவில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில், சிமுலேற்றரில் நடந்தது. படகில் ஏழு தொன் கொள்கலன், ஆரம் (கிரேனின் நடுவிலிருந்து பாரம் வரையுள்ள தூரம்) 24 மீற்றர், அலை 2 மீற்றர், தூக்கலாமா என்று கேட்டார்கள். பழகிய கண் தானாகவே மேடைக்குள் தூக்குவதற்கான அட்டவணைக்குப் போனது. தூக்கலாம் என்றேன். கொக்கியின் எடையையும் சிலிங்கின் எடையையும் கூட்டிக்கொள்ளவும் மறந்தேன். மதிப்பீட்டாளர் எதுவும் பேசாமல் தாளைத் திருப்பி, அலைக்குரிய அட்டவணையை என் முன் வைத்தார். அந்த இடத்தில் ஐந்து தொன்னுக்கும் குறைவாகவே எழுதியிருந்தது.

அடுத்த தேதிக்கு ஆறு கிழமை காத்திருந்தேன். அந்த நாட்களில் எனக்கு உதவியவர் முல்லைத்தீவில் கரைவலை இழுக்கும் என் சித்தப்பா. படகைக் கடலுக்குள் தள்ளும்போது அவர்கள் அவசரப்படுவதில்லை. நின்று சில அலைகளைக் கவனித்து, பெரிய அலைகளின் கூட்டம் கடந்தபின் தணியும் இடைவெளியில்தான் தள்ளுகிறார்கள். காலை நேரங்களில் அவரோடு கரையில் நின்று அலைகளை எண்ணிப் பழகினேன். கடல்மேடையில் செய்வதும் அதே கவனிப்புத்தான், ஆனால் பிடிக்கும் இடம் வேறு: படகு அலையின் உச்சிக்கு வரும் தருணத்தில் தூக்கத் தொடங்க வேண்டும். அப்போதுதான் படகு கீழே விழும்போது பாரம் அதன் தளத்தை விட்டு விலகியிருக்கும். தயங்கி மெதுவாகத் தூக்கினால் அடுத்த அலையில் தளம் மேலே வந்து பாரத்தை இடிக்கும்.

இரண்டாவது மதிப்பீட்டில் கணக்கு எல்லாம் சரியாக வந்தது. கடைசிப் பயிற்சியில், கிரேன் இயக்குபவருக்குச் சைகை தரும் பாங்க்ஸ்மன் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினார். கொள்கலனின் ஒரு மூலையில் படகோடு கட்டிய சங்கிலி இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்ததைப் பார்த்தேன். லீவரைத் தொடாமல், றேடியோவில் நிறுத்தச் சொல்லிக் காரணத்தையும் சொன்னேன். அதைக் கவனிக்கிறேனா என்று பார்க்கவே அப்படி வைத்திருந்தார்கள். படகோடு கட்டுண்ட பாரத்தையோ, படகில் சிக்கிய கொக்கியையோ இழுத்தால் படகின் எடை முழுவதும் கிரேனில் ஏறி, அதைப் பீடத்திலிருந்தே பிடுங்கிவிடக்கூடும். கம்பி வடத்தைத் தானாக விட்டுக்கொடுக்கும் மிகைச்சுமைப் பாதுகாப்பு அமைப்பு அதற்காகத்தான் இருக்கிறது. அன்று தேறினேன். முகவரிடம் தோற்ற பணத்தின் வலி அந்த மாலையில்தான் சற்றுத் தணிந்தது.

அடுத்தது போசியட் என்னும் மூன்று நாள் உயிர்காப்புப் பயிற்சி. தீயணைப்பும் முதலுதவியும் இலகுவாக முடிந்தன. தண்ணீருக்குள் கவிழ்க்கப்படும் ஹெலிகொப்டர் கூட்டிலிருந்து வெளியேறுவதற்குப் பலர் பயப்படுகிறார்கள். ஒரு கை யன்னல் விளிம்பில், மற்றக் கை பட்டியின் பூட்டில் இருக்கட்டும். கூடு சுழன்று நின்றபின்னரே பட்டியைக் கழற்றுங்கள். முன்பே கழற்றினால் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் மிதப்பீர்கள். அவ்வளவுதான்.

ஆனால் சான்றிதழ் கைக்கு வந்தபோது, என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தகப்பனாரின் பெயரும், குடும்பப் பெயரின் இடத்தில் என் பெயரும் அச்சாகியிருந்தன. நம்மில் தகப்பன் பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொண்ட அனைவரும் இதைக் கவனியுங்கள்: கடவுச்சீட்டில் எந்த வரியில் எந்தப் பெயர் இருக்கிறதோ, ஒவ்வொரு சான்றிதழிலும் அதே வரிசையில்தான் இருக்க வேண்டும். ஊரில் இரண்டு விதமாகவும் எழுதிப் பழகிய நான் அதைப் பெரிதாக எண்ணாமல் அனுப்பினேன். நிறுவனம் திருப்பி அனுப்பியது. மின்னஞ்சலுக்கு ஒரு மாதமாகப் பதில் வராததால் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, இரவு ரயிலில் போசியட் பயிற்சி தந்த நிலையத்துக்கு நேரிலேயே போனேன். அங்கிருந்த எழுதுவினைஞர், கட்டணத்தைச் செலுத்திய முகவரிடமிருந்து கடிதம் வந்தால்தான் திருத்த முடியும் என்றும், நான் வந்திருக்கவே தேவையில்லை என்றும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். சங்கிலி இரண்டாவது தடவை அடகுக்குப் போனது அந்தப் பயணத்துக்காகத்தான். பயிற்சியின் முதல் நாள் பதிவுத்தாளில் கையொப்பமிடுமுன், கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

வைத்தியப் பரிசோதனைக்கு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் நித்திரையின்றி நேரே நிற்காதீர்கள்; எனக்கு இரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டி, மறுநாளும் வரச் சொன்னார்கள். முதல் நாளே போய்த் தங்குங்கள். முகவரின் அனுமதிப்பத்திரம் நடைமுறையில் உள்ளதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே பணம் கட்டுங்கள். பணியகப் பதிவு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். காப்புறுதி அந்தப் பதிவோடுதான் வருகிறது.

மேடையில் வேலை 56 நாட்கள், நாளொன்றுக்கு 12 மணித்தியாலம். முதல் கிழமை முழுவதும் கழுத்து வலித்தது. ஆனால் அங்குள்ள ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது: சைகை தருபவர் ஒருவர்தான், ஆனால் நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. சமையற்கூடத்தில் வேலை செய்யும் பையன் கத்தினாலும் நான் நிறுத்த வேண்டும், நிறுத்துகிறேன். மற்றது, பணி முடித்துப் போகிறவர் அடுத்து வருபவருக்கு எழுதிவைக்கும் கைமாற்றுக் குறிப்பு. 1988 ஜூலை 6 ஆம் தேதி வடகடலில் பைப்பர் அல்பா மேடை எரிந்து 167 பேர் இறந்ததற்கு, ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்த செய்தி இரவுப் பணியாளருக்குச் சரியாகப் போய்ச் சேராததும் ஒரு காரணம் என்று போசியட்டில் சொல்லித் தந்தார்கள். அதனால் கம்பி வடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும், பிறேக் சற்றுத் தாமதித்துப் பிடித்தாலும் எழுதிவைத்து, இரவில் வருபவரிடம் வாயாலும் சொல்லிவிட்டே இறங்குகிறேன்.

அடுத்த மாதம் மீண்டும் புறப்படுகிறேன். அதுவரை மாலை நேரங்களில் வீட்டில்தான் இருப்பேன். சான்றிதழ்களைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டு வருபவர்கள் கடவுச்சீட்டையும் கூடவே கொண்டு வாருங்கள்.