தேவை வளைகோடும் பெல்ட் வண்டியும்

திருவாரூர் மாவட்டத்தில் பதினோராம் வகுப்புக்குப் பொருளியல் எடுக்கிறேன். விலை ஏறினால் தேவை குறையும் என்ற தேவை விதிக்கு ஆப்பிள், பேனா என்று உதாரணம் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அறுவடை மெஷின் என்றால் கடைசி பெஞ்சும் வாயைத் திறக்கும்.

தை மாதம் சம்பா எல்லா வயலிலும் ஒன்றாக அறுப்புக்கு வரும். வயல் காய்ந்திருந்தால் டயரில் ஓடும் அறுவடை மெஷின், டயர் வண்டி போதும், வாடகையும் குறைவு. நடுவில் ஒரு மழை பெய்து சேறாகிவிட்டால் டயர் வண்டி இறங்காது. டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடி சேற்றிலும் இறங்கும் பெல்ட் வண்டியை ஊரே தேடும், வாடகை ஏறிவிடும். "வாடகை ஏறினா தேவை குறையணுமே சார்?" என்று ஒருவன் கேட்பான். எந்த விலைக்கு எவ்வளவு தேவை என்று காட்டுவது தேவை வளைகோடு. விலை மட்டும் மாறினால் அந்தக் கோட்டின் மேலேயே நகர்கிறோம். மழை பெய்தால் கோடே வலப்பக்கம் போய்விடுகிறது. வருடா வருடம் பிள்ளைகள் குழம்பும் இடம் இது. பெல்ட் வண்டி பாடத்துக்குள் வந்தபிறகு குழப்பம் பாதியாகிவிட்டது.

ஆதரவு விலைதான் கொஞ்சம் சிக்கல். 2024-25க்கு மத்திய அரசு சாதாரண ரக நெல்லுக்கு அறிவித்தது குவிண்டாலுக்கு 2,300 ரூபாய்; 40 கிலோ மூட்டைக்கு 920. மாநில ஊக்கத்தொகை தனி. படத்தில் ஒரு படுக்கைக் கோடு போட்டு, இதற்குக் கீழே விலை இறங்காது என்று முடித்துவிடலாம். ஆனால் வியாபாரி களத்துக்கே வந்து குறைத்துக் கேட்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஆதரவு விலை என்பது அரசு தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லும் விலை. மற்றவர் குறைத்து வாங்கச் சட்டத் தடை கிடையாது. அரசு கொள்முதல் நிலையத்திலோ ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், வரிசையும் நகர வேண்டும்.

சரி, வியாபாரியிடம் போடுவதா, நிலையத்தில் காத்திருப்பதா, கணக்குப் போடுவோம் என்றேன். வியாபாரி மூட்டை 820க்குக் கேட்கிறார், 30 மூட்டை. காத்திருந்தால் ஊக்கத்தொகையைச் சேர்க்காமலே 3,000 ரூபாய் கூடுதல். அதில் தார்ப்பாய் வாடகை, காயவைக்கும் கூலி, நகைக்கடன் வட்டி எல்லாம் கழித்தோம்.

"ராத்திரி காவலுக்குப் படுத்துட்டு அப்பா மறுநாள் கொத்து வேலைக்குப் போகலை. அதுவும் சேருமா சார்?"

ஒன்றைச் செய்யப்போய் கைவிட்ட வருமானமும் செலவுதான் என்னும் வாய்ப்புச் செலவு பாடம் இன்னும் நடத்தவே இல்லை! சேரும் என்று எழுதினேன். "பகல்ல அம்மாதானே நெல்லைக் கிளறுறாங்க" என்றது ஒரு பெண். அவங்க வீட்லதானே இருக்காங்க என்று பையன்கள் பக்கம் ஒரு குரல் வர, அங்கிருந்து சண்டை. அம்மாவின் ஒருநாள் கூலி எவ்வளவு என்று பெண்கள் பக்கமே சொன்னார்கள், அதையும் கழித்தோம். 3,000இல் மிச்சம் சொற்பம்தான். அப்பா ஏன் வியாபாரியிடமே போட்டார் என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை.