லெஸ்டரில் பாலை விட்டேன், கேள்விகள் அதற்கப்புறம்தான் வந்தன

இங்கிலாந்தில் இருக்கும் லெஸ்டருக்கு நான் வந்தது 2021 நவம்பரில். செவிலியர் விசா, ஒரு பெட்டி துணி, இரண்டு கிலோ பருப்புப்பொடி. முதல் மூன்று மாதம் வேறு எதையும் யோசிக்க நேரமில்லை. ஓஸ்கி தேர்வில் தேறினால்தான் இங்கே பதிவு பெற்ற செவிலியர், அதுவரை வார்டில் உதவி வேலைதான். இரண்டு மலையாளப் பெண்களோடு ஒரு வீட்டில் இருந்தேன். லீவு நாளில் பெல்கிரேவ் ரோடு போனால் கறிவேப்பிலை, முருங்கைக்காய், தோசை மாவு எல்லாமே கிடைக்கும், குஜராத்தி மிட்டாய்க் கடைகளில் நெய் வாசம் தெரு வரைக்கும் வரும். ஊர் ஞாபகம் அதிகமானால் அந்த வாசத்துக்காகவே அந்தப் பக்கம் நடப்பேன்.

வார்டில் கூட வேலை செய்த ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீகன் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு சாப்பாடு செய்து எடுத்துப்போய் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவது. வீகன் என்றால் சைவம்தானே என்று நான் தாளித்த தயிர் சாதம் கொண்டுபோனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா மட்டும் பக்கத்தில் வந்து, இதில் பால் இருக்கிறது, நாங்கள் பாலும் சாப்பிடுவதில்லை என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் ஒருவர் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: உங்கள் நாட்டில் மாடு புனிதமாயிற்றே, அங்கே பால் எடுப்பதில் கொடுமை எதுவும் இருக்காது இல்லையா?

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம். எங்கள் கட்டுத்தறியில் எப்போதும் இரண்டு மாடு நின்றது, நானும் தம்பியும் படித்ததே சொசைட்டிக்கு ஊற்றிய பாலில்தான். அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது வைக்கோல் கன்றுதான். நான் ஏழாவது படிக்கும்போது ஜெர்சி கலப்பு மாடு ஒன்று போட்ட கன்று மூன்றாம் நாள் செத்துப்போனது. கன்று முட்டாமல் அந்த மாடு பால் சுரக்காது. அதனால் கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, நான்கு குச்சியைக் காலாக நட்டு, கறக்கும்போது மாட்டின் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். மாடு அதை நக்கும். நக்கிக்கொண்டே இருக்கும், அம்மா கறந்துகொண்டே இருப்பார். தோலில் இருந்த முடியெல்லாம் நக்கி நக்கி உதிர்ந்து ஒரு பக்கம் வழுக்கையாகிவிட்டது. அதைத் தினமும் காலையில் எடுத்து வைப்பதும், கறந்தபிறகு கூரையில் சொருகுவதும் என் வேலை. இதை அந்த ஹாலில் சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன், மேலே பேச முடியவில்லை. அன்றைக்கு வீடு திரும்பி டீயில் பால் ஊற்றப் போனவள் ஊற்றவில்லை, அதிலிருந்து இன்றுவரை ஊற்றவில்லை.

பாலை விட்டதும் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் இந்தக் கூட்டத்துக்குள்ளேயே எத்தனை கட்சி, எத்தனை வாதம் என்று உள்ளே போனபிறகுதான் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் இது பிறந்ததே ஒரு வாதத்தில்தான், அதுவும் இந்த ஊரில் இருந்த ஒருவரால். டொனால்ட் வாட்சன், மரவேலை சொல்லிக்கொடுத்த வாத்தியார், லெஸ்டர் சைவ சங்கத்தின் செயலாளராகவும் இருந்தவர். சின்ன வயதில் மாமா பண்ணையில் ஒரு பன்றியை அறுப்பதைப் பார்த்துவிட்டு இறைச்சியை விட்டவர். 1847 முதல் இருந்துவரும் பிரிட்டன் சைவ சங்கத்துக்குள், பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்பவர்களுக்குத் தனியாக ஒரு இடம் கேட்டார்கள், சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. 1944 நவம்பரில் ஒரு சிலராகக் கூடி வீகன் சங்கத்தைத் தொடங்கினார்கள். வெஜிடேரியன் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளில் முதல் மூன்றையும் கடைசி இரண்டையும் சேர்த்தால் வீகன். உலகமே போரில் இருந்தபோது, ரேஷன் சாப்பாட்டுக் காலத்தில், பசும்பாலைப் பற்றிச் சிலர் இப்படி மனசாட்சியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

இப்போது நடக்கும் பெரிய வாதம் கூண்டைப் பற்றியது. கோழிகளைச் சின்னக் கம்பிக்கூண்டில் அடைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் தடைசெய்தது, அப்போது பிரிட்டனும் அதில்தான் இருந்தது. பழைய கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைத்த இடம் 550 சதுர சென்டிமீட்டர், நாம் பிரிண்ட் எடுக்கும் ஏ4 தாளைவிடச் சிறியது. புதுக் கூண்டில் 750. எங்கள் கூட்டத்தில் ஒரு பாதி, இதுவும் வெற்றிதான், இன்றைக்கு உயிரோடு இருக்கும் கோழிக்கு அந்தக் கூடுதல் இடம் பெரிசு என்கிறது. மறுபாதி கேரி ஃபிரான்சியோன் என்கிற அமெரிக்கச் சட்டப் பேராசிரியரைப் படித்தவர்கள். கூண்டைப் பெரிதாக்கினால் சாப்பிடுகிறவர்களின் மனசு சமாதானமாகிவிடும், விலங்கை உடைமையாக வைத்திருக்கும் ஏற்பாடே போகவேண்டும் என்பது அவர்கள் நிலை. நான் முதல் பாதியோடு இருக்கிறேன். வார்டில் வேலை செய்கிறவளுக்கு, நோய் முழுக்கத் தீரும்வரை வலிமருந்து தரமாட்டேன் என்று சொல்ல வாய் வராது. ஆனால் மறுபாதி சொல்வதில் இருக்கும் உண்மையையும் நான் கடைகளில் பார்க்கிறேன், புல்வெளியில் கோழி மேய்வதுபோல் படம் போட்ட முட்டைப் பெட்டியை எடுப்பவர்களுக்கு, முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகள் முதல் நாளே கொல்லப்படுவது அந்தப் படத்தில் தெரிவதில்லை.

அப்புறம் மீட்ட கோழிகள். பண்ணையில் ஒன்றரை வயசு வாக்கில் முட்டை குறைந்ததும் கழித்துவிடும் கோழிகளை வாங்கி வளர்ப்பவர்கள் எங்களிடையே இரண்டு வீட்டில் உண்டு. அந்தக் கோழி இடும் முட்டையை என்ன செய்வது? அது இடத்தான் போகிறது, வீணாக்குவானேன் என்கிறார் ஒருவர். இன்னொருவர் அதை வேகவைத்து ஓட்டோடு நொறுக்கிக் கோழிக்கே போடுகிறார். காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும், இதுகளை முந்நூறு இடவைத்ததில் உடம்பில் இருந்த சுண்ணாம்பெல்லாம் போய்விட்டது, அதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறார். எனக்கு இவர் பேச்சுதான் பிடித்தது. நானே ஒருநாள் அவர் வீட்டில் ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தேன், நெஞ்செலும்பு கத்திபோல் கையில் குத்தியது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஹெப்பாரின். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் தினமும் ஒரு சின்ன ஊசி போடுவோம், வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், அதுபோல சாதாரணமான வேலை வேறில்லை. அந்த மருந்து பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. நான் வீகன் ஆகி சில மாதம் கழித்து, இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன ஒரு வயதான பெண்மணி ஊசியைக் கையில் பார்த்துவிட்டு, இதில் விலங்கு இருக்கிறதா என்று கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேலாக வீகன். நான் உள்ளதைச் சொன்னேன். டாக்டரை வரவழைத்தேன். விலங்கிலிருந்து எடுக்காமல் செயற்கையாகச் செய்யும் ஃபோன்டாபாரினக்ஸ் என்று ஒன்று உண்டு, ஆனால் அவர் சிறுநீரகத்துக்கு அது சரிப்படாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு நைட்டியை விலக்கி, போடுங்கள் என்றார்.

பெயர், இடம் எதுவும் சொல்லாமல் இதைக் கூட்டத்தில் பேசினேன். ஒரு இளைஞர், அந்தப் பெண்மணி வீகனே இல்லை, கொள்கை சாகும் நேரத்திலும் கொள்கைதான் என்றார். எனக்கு உடம்பு நடுங்கியது. வீகன் சங்கத்தின் வரையறையிலேயே, சாத்தியமான அளவுக்கு, நடைமுறைக்கு ஒத்துவரும் அளவுக்கு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த வார்த்தை சோம்பேறிகளுக்கு ஒளிந்துகொள்ள இடம் என்கிறார்கள் சிலர். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து மூச்சுக்குத் தவிக்கிறவர் பக்கத்தில் நின்றிருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதே சமயம், வேறு வழி இருந்தும் கேட்காமல் பன்றி மருந்தையே போட்டுக்கொண்டிருக்கும் பழக்கமும் சரியில்லை. லெஸ்டரில் முஸ்லிம்கள் நிறைய, அவர்களுக்கும் இது மனசாட்சிக் கேள்வி. இப்போது நான் எல்லா நோயாளிகளிடமும் ஊசிக்கு முன்னால் இது எதிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். அரை நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். இன்சுலின் ஒரு காலத்தில் பன்றி, மாடு கணையத்திலிருந்துதான் வந்தது, 1982க்கு அப்புறம் ஆய்வகத்தில் நுண்ணுயிர் வைத்துச் செய்கிறார்கள். ஹெப்பாரினுக்கும் அந்த நாள் வரும் என்று நம்புகிறேன்.

2023 ஏப்ரலில் எய்ன்ட்ரீ குதிரைப் பந்தயத்தை நிறுத்த ஒரு கூட்டம் வேலி ஏறியது, 118 பேர் கைதானார்கள், அன்றைய கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் ஹில் சிக்ஸ்டீன் என்ற குதிரை விழுந்து செத்தது. இப்படி இறங்குவது சரியா என்று எங்களுக்குள் வாரக்கணக்கில் பேச்சு. நீ ஏன் இந்த மாதிரிப் போராட்டத்துக்கெல்லாம் வருவதில்லை என்று என்னைக் கேட்டார்கள். விசாவில் இருப்பவளுக்கு ஒரு கைது என்றால் வேலை, பதிவு எண், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் ஆட்டம் காணும். இதைச் சொன்னபோது சிலருக்கு முதல் தடவையாக அது உறைத்தது. தைரியத்தை வைத்து ஆளை அளப்பதற்கு முன்னால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்று கேட்கவேண்டும் என்று அன்றைக்கு நான் சத்தமாகவே சொன்னேன்.

இன்னொன்று, இதை நம் ஆட்களுக்காகவே எழுதுகிறேன். வீடு மாறத் தேடியபோது ஒரு இந்தியக் குடும்பம், நான் பால்கூடக் குடிப்பதில்லை என்றதும் ரொம்பச் சந்தோஷப்பட்டது. சாவியைக் கையில் கொடுக்கும் நேரத்தில், கறி சாப்பிடுகிற சாதிக்காரர்களை நாங்கள் உள்ளே விடுவதில்லை, நீங்கள் நம்மவர் மாதிரி என்றார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஊரில் நீங்க சைவமா என்று கேட்டால் அது பாதி நேரம் சாப்பாட்டைப் பற்றிய கேள்வியே இல்லை என்று நமக்குத் தெரியும். இங்கே வெள்ளைக்கார நண்பர்கள் இந்தியாவைச் சைவ நாடு என்று மேடையில் புகழும்போது நான் எழுந்து மறுக்கிறேன். இந்தியர்களில் பெரும்பாலோர் கறி சாப்பிடுகிறவர்கள். உலகத்தில் அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடும் அதுதான், எருமை இறைச்சியைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்யும் நாடும் அதுதான், அந்த இரண்டும் ஒரே கட்டுத்தறியிலிருந்து போவது. மாட்டுக்கறி வைத்திருந்ததாகச் சொல்லி 2015இல் உத்தரப் பிரதேசத்தில் தாத்ரி பக்கம் ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். உயிர்மேல் உள்ள இரக்கத்தை அந்தக் கூட்டத்தின் கையில் கொடுத்துவிட நான் தயாரில்லை. வடலூரில் 1867இல் வள்ளலார் அடுப்பு மூட்டியபோது, கொல்லாமையும் பசித்தவருக்குச் சோறும் ஒன்றாகத்தான் இருந்தது, வாசலில் சாதி கேட்கவில்லை. இங்கே என்னிடம் வீகன் என்றால் என்ன என்று கேட்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

ஜல்லிக்கட்டைப் பற்றியும் கேட்பார்கள். 2014இல் தடை, 2017இல் மெரினா, 2023இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, வாலைப் பிடித்துத் திருகுவதை என்னால் ஏற்க முடியாது என்பேன். ஆனால் காளை வளர்ப்பவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள், விளையாட்டு இல்லையென்றால் காளங்கன்றை யார் வைத்துக்கொள்வார், அடிமாட்டு லாரிதானே என்று. விலங்குரிமை பேசுகிறவர்கள் யாரும் அதற்கு அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

அதே கேள்வி இப்போது என் வீட்டிலும் இருக்கிறது. பாலை நிறுத்துங்கம்மா என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "நிறுத்தினா மாட்டை என்ன பண்றது கண்ணு? பொள்ளாச்சிச் சந்தைக்கா ஓட்டுறது?" என்றார் அம்மா. ஒரு மாட்டை விற்றதற்கு மறுநாள் அவர் சாப்பிடாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன், அதனால் அவரிடம் வாதம் பண்ண எனக்கு மனசு வரவில்லை. கடைசியில், இனிமேல் சினை ஊசி போடவேண்டாம், கறவை நின்றாலும் விற்கவேண்டாம், தீவனச் செலவுக்கு மாதம் 5,000 ரூபாய் நான் அனுப்புகிறேன் என்று பேசி முடித்தோம். கூட்டத்தில் இதைச் சொன்னேன். நீ பணம் கொடுத்து ஒரு பால் பண்ணையை ஓட்டுகிறாய் என்றார் ஒருவர். முட்டையை நொறுக்கிக் கோழிக்குப் போடும் அந்த மனிதர், இல்லை, அவள் ஒரு மாட்டைக் காப்பாற்றுகிறாள் என்றார். இருவரும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

ஆனால் நாங்கள் பேசி முடிக்கும்போதே மாடு சினைதான், எங்களுக்குத் தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை நைட் டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது அம்மா வீடியோவில் கூப்பிட்டார். கட்டுத்தறியில் ஈரம் காயாமல் ஒரு கன்று, எழுந்து நிற்கப் பார்த்து முன்னங்கால் மடங்கி மறுபடி உட்காருகிறது. காளங்கன்று. ஜெர்சி கலப்பு, திமில் இல்லை, ஏருக்கும் வண்டிக்கும் ஆகாது, எந்த வாடிவாசலும் கூப்பிடாது. "என்ன கண்ணு பண்றது?" என்று அம்மா கேட்டார். சீம்பாலை முழுக்க அதையே குடிக்க விடுங்கம்மா, மீதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போகும்போது அந்த வீடியோவைத்தான் எடுத்துப்போகிறேன்.