எடை மேடை அறையில் ஓர் ஆப்லெட்

மன்னார்குடிப் பக்கம் நான் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் நெல் அரவை ஆலை ஒன்றில் ஜாவா ஆப்லெட் ஒன்று, அதாவது உலாவிப் பக்கத்துக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல், இன்னும் உயிரோடு இருக்கிறது. லாரி எடை மேடையில் ஏறியதும், எடைக் கருவியோடு வந்த சிறு நிரல் அளவை ஓர் உரைக் கோப்பில் எழுதி வைக்கும். ஆப்லெட் அந்தக் கோப்பைப் படித்து எடைச் சீட்டை நிரப்பும். பக்கம் வருவது அலுவலக அறையிலுள்ள சர்வரிலிருந்து. குரோம் 2015இலும் ஃபயர்பாக்ஸ் 2017இலும் ஆப்லெட்டை ஓட்டும் வகைச் செருகுநிரலைக் கைவிட்டுவிட்டதால், விண்டோஸ் 7, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், ஜாவா 8 என்று ஒரு பழைய குடும்பமே அங்கே வாழ்கிறது. வெளி இணைய இணைப்பு கிடையாது. இருந்திருந்தால் நான் அதில் கை வைத்திருக்கவே மாட்டேன்.

சம்பா அறுவடை மும்முரத்தில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதியது போட்டு எல்லாவற்றையும் ஏற்றியும் எடைக் கட்டம் காலியாகவே நின்றது. ஜாவா கன்சோலைத் திறந்தால் ‘ஆக்சஸ் டினைட்’ என்று ஒரு வரி. பக்கத்திலேயே கோப்பின் பெயர், ‘ரீட்’ என்ற சொல். கையொப்பமிடாத, அதாவது யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத ஆப்லெட்டை ஜாவா மணல்பெட்டி என்னும் வேலிக்குள்தான் ஓட விடும். தான் வந்த சர்வரோடு பேசலாம். கணினியிலுள்ள கோப்பைத் தொட முடியாது.

"முன்பு இருந்தவர் மொத்தமாகத் திறந்து வைத்திருந்தார். நீங்களும் அப்படியே செய்துவிடுங்கள், தம்பி. வெளியே வண்டி நிற்கிறது" என்றார் கணக்குப்பிள்ளை.

உண்மைதான். எந்த ஆப்லெட் எதைத் தொடலாம் என்று ஜாவாவுக்குச் சொல்வது ‘பாலிசி’ என்னும் அனுமதிக் கோப்பு. காப்பு எடுத்து வைத்திருந்த பழைய அனுமதிக் கோப்பில் ‘ஆல் பெர்மிஷன்’ என்று இருந்தது, அதுவும் எந்த முகவரிக்கு என்று சொல்லாமலே. எங்கிருந்து வரும் ஆப்லெட்டும் எதையும் படிக்கலாம், அழிக்கலாம். ஒரு வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் மடையைத் திறக்க வேண்டும். ஆற்றங்கரையை வெட்டுவது என்ன முறை? அதே கணினியில் ஆள் கூலிக் கணக்கும் வங்கிப் புத்தக நகல்களும் இருக்கின்றன.

அனுமதிக் கோப்பு பயனரின் சொந்தக் கோப்புறையில் இருக்க வேண்டும். பெயர் புள்ளியில் தொடங்கும்: புள்ளி, ஜாவா, புள்ளி, பாலிசி. நோட்பேட் சத்தமில்லாமல் பின்னால் ‘டிஎக்ஸ்டி’யை ஒட்டிவிடும், விண்டோஸ் அதை மறைத்தும் வைக்கும். சேமிக்கும்போது பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் ஒட்டாது.

உள்ளே ஒரே ஒரு ‘கிராண்ட்’, அதாவது அனுமதி வழங்கும் பத்தி, போதும். முதலில் யாருக்கு என்பது: சர்வரின் முகவரி. அது வெறும் சாய்கோட்டில் முடிந்தால் கிளாஸ் கோப்புகள் என்னும் தனித்தனி நிரல் துண்டுகளுக்கு மட்டுமே செல்லும். எங்கள் ஆப்லெட் அவற்றை ஒன்றாகக் கட்டிய ஜார் கோப்பாக வருவதால் சாய்கோட்டுக்குப் பின் ஒரு நட்சத்திரம் வேண்டும். சிறுகோடு போட்டால் துணைக் கோப்புறைகளும் சேர்ந்துவிடும். அது இங்கே தேவையில்லை. அடுத்தது எதற்கு என்பது: ‘ஃபைல் பெர்மிஷன்’, அந்த ஒரு எடைக் கோப்பின் முழுப் பாதை, ‘ரீட்’. எழுதும் உரிமை கிடையாது. விண்டோஸ் பாதையில் பின்சாய்கோட்டை இரட்டித்து எழுத வேண்டும். முகவரியிலோ எப்போதும் முன்சாய்கோடுதான். ஒரே கோப்பில் இரண்டு நியாயம்! முடிவில் அடைப்புக்குறிக்குப் பின் அரைப்புள்ளியும் வேண்டும். பிறகு உலாவியை முழுவதும் மூடித் திறக்க வேண்டும்.

இன்னொரு பூட்டையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51இலிருந்து, கையொப்பமில்லாத ஆப்லெட் சாதாரண அமைப்பில் தொடங்கவே தொடங்காது. ஜாவா கண்ட்ரோல் பேனலின் விதிவிலக்குப் பட்டியலில் சர்வர் முகவரியைச் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியல் ஓட விடும், அவ்வளவுதான். கோப்பைப் படிக்க விடுவது பாலிசி.

எடை வந்தது. வண்டிகள் நகர்ந்தன.

ஆனால் இது நெடுநாள் ஓடாது. ஜாவா 11இல் உலாவிச் செருகுநிரலே நீங்கிவிட்டது. ஜாவா 24இல் இந்த அனுமதிகளைக் காவல் காத்த செக்யூரிட்டி மேனேஜரையும் நிரந்தரமாக முடக்கிவிட்டார்கள். எடையை நேரே சர்வருக்கு அனுப்பும் ஒரு சிறு நிரல் எழுதித் தருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். குறுவை நெல் வருவதற்குள் முடித்துவிடச் சொன்னார். முன்பணம்தான் இன்னும் வரவில்லை.